மருந்து ஊத்தினதும் அமோனியா ஏறுது, ஏன்?

கீழக்கரை வாசகரின் கேள்வி, 3 ஜூன் 2024

அக்கா, 100 லிட்டர் டேங்க், ஆறு கோல்டு ஃபிஷ். ஒரு வருஷமா நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நேத்து பாதித் தண்ணி மாத்தி, குளோரினை எடுக்குற மருந்து ஊத்தினேன். ஒரு மணி நேரம் கழிச்சு அமோனியா பார்த்தா 1 பி.பி.எம். (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) காட்டுது. வீட்டுக் குழாய்த் தண்ணியைத் தனியாப் பிடிச்சுப் பார்த்தேன், பூஜ்யம். அப்போ அந்த அமோனியா மருந்துலேர்ந்துதானே வந்திருக்கணும்? மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மருந்தைத் தூக்கிப் போட்டுடவா?

3 ஜூன், இரவு

போட்டுடாதீங்க தம்பி. நீங்க சொல்ற மருந்துல அமோனியா கிடையாது. லேபிள்ல சோடியம் தயோசல்பேட்னு இருக்கும் பாருங்க. போட்டோ ஸ்டுடியோவுல ஹைப்போன்னு சொல்வாங்களே, அதே உப்புதான். குளோரினை உப்பா மாத்திட்டு அது வேலையை முடிச்சுக்கும். விலை கூடின சில மருந்துகள்ல அமோனியாவைப் பிடிச்சு வைக்கிற சேர்மம் ஒண்ணும் கலந்திருக்கும்.

குழப்பம் அமோனியா பார்க்கிற டெஸ்ட் கிட்லதான். நெஸ்லர் முறை கிட்ல பாதரசம் கலந்த திரவம் இருக்கு. அமோனியா பட்டா மஞ்சளாகி, கூடக் கூடப் பழுப்பாகும். தண்ணில இந்த மருந்து மிச்சம் இருந்தா அமோனியா இல்லாமலே பழுப்பாவோ சாம்பலாவோ கலங்கிடும். உங்களுக்கு வந்திருக்கிறது பொய் ரீடிங். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாருங்க, இறங்கியிருக்கும்.

4 ஜூன், காலை

தம்பி அனுப்பின படத்தைப் பார்த்தேன். ரெண்டு பாட்டில் கிட், ட்யூப்ல பச்சை. இது நெஸ்லர் இல்ல, சாலிசிலேட் முறை. ராத்திரி நான் எழுதினது இந்தக் கிட்டுக்குப் பொருந்தாது. எந்தக் கிட்னு கேட்காமலே பதில் சொன்னது என் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு இன்னொண்ணு. மீன் மேல வந்து வாயைத் திறக்குதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. அந்த வரியைப் படிச்சும் பொய் ரீடிங்னு சொல்லிட்டேன். கிட் பொய் சொல்லலாம், மீன் சொல்லாது. இப்போ உடனே: தீனியை நிறுத்துங்க, ஏர் ஸ்டோன் ரெண்டு போடுங்க, கரண்ட் போனா ஓடுற பேட்டரி பம்ப் பக்கத்து வீட்ல இருந்தாலும் வாங்கி வைங்க. இங்க தண்ணி 30 டிகிரியில கிடக்கு. அந்தச் சூட்டுல நல்ல தண்ணி லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல பிடிக்காது. குளோரினை எடுக்குற சில மருந்து அளவு மீறினா அதுலயும் கொஞ்சம் போகலாம்.

5 ஜூன்

ரெண்டு மீன் போயிடுச்சுன்னு தம்பி எழுதியிருக்கார். செவுள் கருஞ்சிவப்பா இருந்துச்சாம். நேத்து ராத்திரி பூரா இதே நினைப்பு.

நான் ஒன்பது வருஷம் இறால் குஞ்சு பொரிப்பகத்துல தண்ணி பரிசோதிச்சவ. தொண்டிப் பக்கம் நாலு வருஷம், மீதி மண்டபத்துக்குக் கிட்ட. அங்க கடல் தண்ணியில பிளீச்சிங் போட்டு ஒரு நாள் காத்து ஓடவிட்டு, மிச்சக் குளோரினை ஹைப்போவால அடிச்சு, ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டு மஞ்சள் வருதான்னு பார்த்துட்டுத்தான் குஞ்சு விடுவோம். ஆர்த்தோடொலிடின் உடம்புக்கு ஆகாது, இப்போ டி.பி.டி. மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு வருதான்னு பார்க்கிறதுதான் நல்லது. அந்த அனுபவத்தை வெச்சு இன்னிக்கு யோசிச்சப்போ ஒண்ணு தோணுச்சு.

அமோனியா ஏற்கெனவே இருக்கிற தண்ணியில பிளீச்சிங் போட்டா குளோரின் தனியா நிக்காது. அமோனியாவோட சேர்ந்து குளோராமைன் ஆகிடும். அதுல ஹைப்போ போட்டா அதிலுள்ள குளோரின் அழிஞ்சு, பிடிபட்டிருந்த அமோனியா வெளிய வந்துடும். குளோரின் கணக்குல 2 பி.பி.எம். குளோராமைன் இருந்தா கிட்டத்தட்ட அரை பி.பி.எம். அமோனியா. நம்ம ஊர் நகராட்சிக் குழாய்ல வர்றது சாதாரணக் குளோரின்தான், ஆனா பிளீச்சிங் விழற தண்ணியே அழுக்கா இருந்தா வேண்டாம்னாலும் குளோராமைன் உண்டாகும். மருந்து ஊத்தின பிறகு அமோனியா தெரியறதுக்கு இதுதான் காரணம்னு இப்போ நினைக்கிறேன்.

5 ஜூன், மாலை

எழுதி முடிச்ச பிறகு ஒரு உறுத்தல். குழாய்த் தண்ணி பூஜ்யம்னு தம்பி சொன்னாரே. அப்போ குளோராமைன் எங்கேர்ந்து வரும்? எந்தக் குழாய், எந்தத் தண்ணின்னு கேட்டிருக்கேன்.

6 ஜூன்

பதில் வந்துடுச்சு. கிட்ல பார்த்தது காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணி. டேங்க்ல ஊத்தினது கீழ்த்தொட்டித் தண்ணி. பத்து நாளா குழாய்ல சொட்டு விட்டு வந்துட்டிருந்ததால வீட்டுக்கு லாரித் தண்ணி வாங்கிக் கீழ்த்தொட்டியில இறக்கி, வாசனை அடிக்குதுன்னு வாப்பா அதுல ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கார். தம்பிக்கு ரெண்டும் வீட்டுத் தண்ணிதான், அதனால வித்தியாசமா நினைக்கல. அவர்மேல குத்தமே இல்ல. ராமநாதபுரம் கடற்கரையில எந்த வீட்லயும் மூணு வகைத் தண்ணி இருக்கும்: குடிக்கக் காவிரி, புழங்க உப்புத் தண்ணி, ரெண்டும் இல்லாத நாளைக்கு லாரி. தங்கச்சிமடத்துல எங்க அம்மா ஊத்து தோண்டிச் சிரட்டையில மோந்த தண்ணியையும் சேர்த்தா நாலு. சமையலுக்கு எது, குளிக்க எதுன்னு எங்க வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். மீனுக்கு எதுன்னு மட்டும் யாரும் பிரிச்சு வைக்கிறது இல்ல.

தம்பியை மூணு பாட்டில் நிரப்பி பஸ்ல குடுத்துவிடச் சொல்லியிருக்கேன்: கீழ்த்தொட்டித் தண்ணி மருந்து போடாம ஒண்ணு, மருந்து போட்டு ஒண்ணு, டேங்க் தண்ணி ஒண்ணு. வாய் வரைக்கும் நிரப்பி, ஈரத்துணி சுத்தி.

9 ஜூன்

நேத்து மத்தியானம் பாட்டில் வந்து சேர்ந்துச்சு. வெயில்ல வந்த தண்ணியில கிருமி வேலை செஞ்சு ரீடிங் மாறும்ங்கிறதால உடனே உட்கார்ந்துட்டேன். என்கிட்ட சாலிசிலேட் கிட் ஒண்ணு, பழைய நெஸ்லர் பாட்டில் ஒண்ணு, கேன் தண்ணி ஒண்ணு.

கீழ்த்தொட்டித் தண்ணி, மருந்து போடாதது: சாலிசிலேட்ல அரை பி.பி.எம்.
அதே தண்ணி, தம்பி சொன்ன அளவு மருந்து போட்டது: அதே அரை.
அதே தண்ணி, நான் மூணு மடங்கு மருந்து போட்டது: அதே அரை.

அப்போ அஞ்சாந்தேதி நான் எழுதின கதையும் பாதிதான் சரி. குளோராமைன் உண்டு, ஹைப்போ அதை உடைக்கும், அமோனியா வெளிய வரும், எல்லாம் நிஜம். ஆனா சாலிசிலேட் கிட்டுக்கு அது புதுசாத் தெரியாது. ஏன்னா இந்தக் கிட் வேலை செய்யற வழியே அதுதான். ரெண்டாவது பாட்டில்ல இருக்கிற குளோரின், தண்ணியில இருக்கிற அமோனியாவைக் குளோராமைன் ஆக்கும், அந்தக் குளோராமைன் சாலிசிலேட்டோட சேர்ந்து பச்சை ஆகும். ஏற்கெனவே குளோராமைனா இருந்தா கிட்டுக்கு ஒரு படி வேலை மிச்சம், அவ்வளவுதான். மருந்துக்கு முன்னாடியும் அரை, பின்னாடியும் அரை. மருந்து எதையும் கொண்டு வரல.

நெஸ்லர் பாட்டிலையும் விடல. கேன் தண்ணியில அமோனியாவே இல்ல, நெஸ்லர்ல நிறம் வரல. அதே கேன் தண்ணியில அமோனியாவைக் கட்டுற வகை மருந்து ரெண்டு மடங்கு விட்டுப் பார்த்தேன், களிமண் கரைச்ச மாதிரி ஆச்சு. முதல் நாள் நான் சொன்னது நெஸ்லருக்கு உண்மை. தம்பியோட கிட்டுக்கு இல்ல.

ஒரு வேண்டுகோள். நெஸ்லர் வெச்சிருக்கிறவங்க ட்யூபைக் கழுவின தண்ணியைச் சாக்கடையில ஊத்தாதீங்க. அதுல பாதரசம். நம்ம வாய்க்கால் ஒண்ணு ஊரணிக்குப் போகும், இல்லேன்னா கடலுக்குப் போகும். ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல சேர்த்து மூடி வைங்க. என்கிட்ட ஆறு வருஷக் கழிவு ஒரு பாட்டில் இருக்கு.

10 ஜூன்

இனி கணக்கு. டேங்க் 100 லிட்டர், மாத்தினது 50. உள்ள போன தண்ணியில அரை பி.பி.எம். கலந்த பிறகு 1 காட்டியிருக்கு. அப்போ டேங்க்ல மிச்சம் நின்ன 50 லிட்டர்ல ஒன்றரை இருந்திருக்கணும். அதாவது தண்ணி மாத்துறதுக்கு முன்னாடியே அமோனியா ஏறித்தான் இருந்திருக்கு, தண்ணி மாத்தினதால அது ஒன்றரையிலேர்ந்து ஒண்ணுக்கு இறங்கியிருக்கு. மாத்துறதுக்கு முன்னாடி தம்பி டேங்க் தண்ணியைப் பார்க்கல, அதனால மருந்துமேல பழி விழுந்துச்சு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஒரு வருஷம் நல்லா இருந்த டேங்க்ல ஒன்றரை எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். முந்தின வெள்ளிக்கிழமை ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவியிருக்கார். எந்தத் தண்ணியில? கீழ்த்தொட்டித் தண்ணியில. பிளீச்சிங் போட்ட மறுநாள். மீன் கழிவுலேர்ந்து வர்ற அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா ஒரு வருஷமா அந்தப் பஞ்சுலதான் குடியிருந்துச்சு, ஒரே கழுவுல போயிருக்கும். அது மறுபடி நிலைக்கிறதுக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம். ஸ்பாஞ்சை டேங்க்லேர்ந்து எடுத்த தண்ணியிலயே பிழியணும், வேற தண்ணி படக் கூடாது.

11 ஜூன்

ஒரு விஷயம் ராத்திரி தூக்கத்துல உதிச்சுச்சு, விடியறதுக்கு முன்னாடி எழுந்து எழுதறேன். அமோனியா ஒன்றரையிலேர்ந்து ஒண்ணுக்கு இறங்கியிருக்குன்னா மீன் ஏன் தண்ணி மாத்தின பிறகு மூச்சு வாங்குச்சு? முந்தின நாள் வரைக்கும் ஒன்றரையில நல்லா நீந்தியிருக்கே?

பி.எச்.

தண்ணியில அமோனியா ரெண்டு வேஷத்துல இருக்கும். மீனுக்கு அவ்வளவா கெடுதல் செய்யாத அமோனியம், செவுள் வழியா நேரா உள்ள போற தனி அமோனியா. எது எவ்வளவுங்கிறதை பி.எச்.சும் (தண்ணி அமிலமா காரமாங்கிற அளவு) சூடும்தான் தீர்மானிக்கும். நம்ம கிட் ரெண்டையும் கூட்டித்தான் காட்டுது.

தம்பி ஒரு நோட்டு வெச்சிருக்கார், அதுக்கே அவரைக் கட்டிப்பிடிக்கலாம். மே கடைசி வாரம் ஸ்ட்ரிப்ல பார்த்த டேங்க் பி.எச். 7.2. ஒரு வருஷமா காவிரித் தண்ணி மட்டும் ஊத்தின டேங்க். பாக்டீரியா அமோனியாவைத் தின்னும்போது தண்ணியோட காரத்தையும் தின்னும், அதனால பழைய டேங்க்ல பி.எச். மெல்ல இறங்கும். லாரித் தண்ணி கடற்கரை மண்ணுல எடுத்தது, சுண்ணாம்பு ஏறினது. எனக்கு அனுப்பின கீழ்த்தொட்டித் தண்ணி 8.3, கலந்த டேங்க் தண்ணி 8.1.

30 டிகிரியில 7.2 பி.எச்.ல நூத்துக்கு 1.3 பங்குதான் தனி அமோனியா. ஒன்றரை பி.பி.எம்.ல அது 0.02. 8.1 பி.எச்.ல நூத்துக்கு 9 பங்கு. ஒரு பி.பி.எம்.ல அது 0.09. கிட்ல ரீடிங் இறங்கியிருக்கு, மீனுக்கு விஷம் நாலரை மடங்கு ஏறியிருக்கு. 0.02 தாண்டினாலே செவுளுக்குத் தொந்தரவு ஆரம்பம். தம்பியோட மீன் செத்தது பொய் ரீடிங்கால இல்ல, மருந்தால இல்ல. காரம் குறைஞ்ச தண்ணியில பழகின டேங்க்ல காரத் தண்ணியை ஒரே மூச்சுல பாதி ஊத்தினதால.

முதல் நாள் ராத்திரி நான் பி.எச். என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா செத்த அந்த ரெண்டு மீனும் நின்னிருக்குமான்னு மனசு கேட்டுட்டே இருக்கு.

11 ஜூன், மறுபடி

உச்சிப்புளியிலேர்ந்து ஒரு அண்ணன் கேட்கிறார்: அப்போ 7.2க்கு மறுபடி இறக்கிடலாமா, எலுமிச்சை பிழியலாமான்னு. வேண்டவே வேண்டாம் அண்ணே. லாரித் தண்ணியில காரம் நிறைய, எவ்வளவு பிழிஞ்சாலும் மறுநாள் ஏறி நிக்கும், மீன் ரெண்டு தடவை அடி வாங்கும். பிடிச்சு வெச்ச காவிரித் தண்ணி தினம் பத்து லிட்டர், மெதுவா. அவ்வளவு போதும்.

14 ஜூன்

தேவிபட்டினத்து வாசகி ஒருத்தங்க நல்ல கேள்வி கேட்டிருக்காங்க: சாலிசிலேட் கிட் எப்பவும் நிஜம்தான் சொல்லுமா?

இல்லம்மா. அது எதிர்ப்பக்கமாப் பொய் சொல்லும், அதான் பயம். பொரிப்பகத்துல நடந்ததைச் சொல்றேன். 10 டன் தொட்டி, பிளீச்சிங் போட்டு ஒரு நாள் காத்து ஓடினதுல மிச்சம் 4 பி.பி.எம். குளோரின்தான் இருந்துச்சு. குளோரின் ஒரு பங்குக்கு ஹைப்போ ஏழு பங்குங்கிறது அங்க கைக்கணக்கு, 300 கிராம் தாராளம். புதுசா வந்த பையன் 3 கிலோ கொட்டிட்டான், யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் மூணு நாளா அமோனியா பூஜ்யம், ட்யூப் பளிச்சுனு மஞ்சள். தொட்டியில குஞ்சு தீனி எடுக்காம அடியில கிடக்கு. பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ நான்.

நாலாவது நாள் ஒரு பங்கு தொட்டித் தண்ணியை ஒன்பது பங்கு வடிநீர்ல கலந்து பார்த்தேன். பச்சை வந்துச்சு, 0.4. பத்தால பெருக்கினா 4. மிச்ச ஹைப்போ முழுக்க கிட்டோட ரெண்டாவது பாட்டில் குளோரினைத் தின்னுட்டிருந்திருக்கு. குளோரின் இல்லேன்னா குளோராமைன் இல்ல, குளோராமைன் இல்லேன்னா பச்சை இல்ல. பத்து மடங்கு நீர்த்ததும் ஹைப்போ பலம் குறைஞ்சு கிட் மூச்சு விட்டுச்சு.

வீட்டு டேங்க்ல அளவாப் போட்டா இது நடக்காது. மூணு மடங்கு போட்டும் கிட் சரியாத்தான் சொல்லுச்சு, ஒன்பதாந்தேதிக் குறிப்புல பாருங்க. ஆனா ஹைப்போ படிகத்தை வாளிக்கு ஒரு கரண்டின்னு கண்ணால அளந்து போடுற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. 20 லிட்டர் வாளியில ஒரு தேக்கரண்டின்னா அந்தப் பையன் கொட்டின அளவுதான். 50 லிட்டர்ல 2 பி.பி.எம். குளோரினுக்கு முக்கால் கிராம் போதும். நகை எடை போடுற குட்டித் தராசு வாங்குங்க.

வெயில்ல கிடந்த கிட்டும் இதே மாதிரி குறைச்சுக் காட்டும். ரெண்டாவது பாட்டில்ல இருக்கிறது ஒரு வகை பிளீச்தானே, சூட்டுல தானா செத்துப்போகும்.

15 ஜூன்

கிட் உயிரோட இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. நவச்சாரம் வாங்குங்க. பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க வெச்சிருப்பாங்களே, அது அமோனியம் குளோரைடு. 3.15 கிராம் ஒரு லிட்டர் கேன் தண்ணியில கரைச்சா தாய்க் கரைசல். அதுல ஒரு மில்லியை இன்னொரு லிட்டர்ல விட்டா 1 பி.பி.எம். கடைச் சரக்கு சுத்தம் முன்னப்பின்ன இருக்கும், கொஞ்சம் கூடக் குறையக் காட்டினா பரவாயில்ல.

மருந்து போட்ட உங்க டேங்க் தண்ணி ஒரு லிட்டர் எடுத்து அதுல இந்த ஒரு மில்லியை விட்டுப் பாருங்க. முன்னாடி அரை காட்டின தண்ணி இப்போ ஒன்றரை காட்டினா மருந்து கிட்டைத் தொடல. அரையாவே நின்னா கிட் பேச்சை நம்பாதீங்க. பொரிப்பகத்துல இதை நான் முதல் நாளே செஞ்சிருக்கலாம், மூணு நாள் வீணாப் போச்சு. அப்போ எனக்குச் சொல்லித்தர ஆள் இல்ல, இப்போ உங்களுக்கு நான் சொல்றேன். நவச்சாரக் கரைசலை டேங்க் பக்கம் கொண்டு போகாதீங்க, பாட்டில் மேல பெரிசா எழுதி வைங்க.

நேத்தோட மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சுச்சு. 61 நாள் கழிச்சு விசைப்படகெல்லாம் இறங்கியிருக்கு, விடியக்காலையிலேர்ந்து தெருவே இஞ்சின் சத்தம். மனசுக்கு நல்லா இருக்கு.

17 ஜூன்

சொல்ல மறந்த சின்ன விஷயம், ஆனா நம்ம கடற்கரைக்குன்னே உள்ளது. முத்தத்துல கருவாடு காயப்போட்டிருக்கிற வீட்ல, மீன் அரிஞ்ச கையோட ட்யூபைப் பிடிச்சா அமோனியா அங்கேயே ஏறிடும். மூடியைப் போடாம கட்டை விரலால வாயை அடைச்சுக் குலுக்குறவங்க கவனம். போன வருஷம் என் தங்கச்சி வீட்டு டேங்க்ல தினம் கால் பி.பி.எம். வந்துட்டே இருந்துச்சு, ஒரு மாசம் தேடினோம். அவ நெத்திலி ஆய்ஞ்ச அலுமினியச் சட்டியிலதான் ட்யூபைக் கழுவிட்டிருந்தா. கேன் தண்ணியால மூணு தடவை அலசுங்க, மூடி போட்டுக் குலுக்குங்க.

அட்டையில நிறம் ஒத்துப் பார்க்கிறது பகல் வெளிச்சத்துல. மஞ்சள் பல்புக்குக் கீழ பூஜ்யமும் கால் பி.பி.எம்.மும் ஒண்ணாத்தான் தெரியும்.

21 ஜூன்

மண்டபத்துலயே ஒரு தம்பி கோமாளி மீன் ஜோடி வளர்க்கிறார். இங்க மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல அதைப் பொரிக்க வெச்சு வளர்க்கிற முறையே உருவாக்கியிருக்காங்க, அதனால பொரிப்பகத்துல பிறந்த குஞ்சு வாங்க முடியுது. கடல்ல பிடிச்சது வேண்டாம்னு அவர் பிடிவாதமா இருந்தார், அது எனக்குப் பிடிச்சுச்சு. மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சுத்திக் கடலையும் 1986லயே தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு. பவளத்தையும் கடல் குதிரையையும் எடுக்கிறதே சட்டப்படி குத்தம்.

அவர் கேள்வி: கடல் தண்ணியில நெஸ்லர் போட்டா வெள்ளையா பால் மாதிரி ஆகுது. ஆமா தம்பி. கடல் தண்ணியோட மக்னீசியமும் கால்சியமும் அந்தக் காரத் திரவத்துல வீழ்படிவா இறங்கும். அதைத் தடுக்கிற உப்பு சேர்த்த கிட் தனியா உண்டு, இல்லேன்னா சாலிசிலேட்டுக்குப் போயிடுங்க. அதுலயும் கடல் தண்ணிக்குத் தனி நிற அட்டை இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு: கடல் தண்ணியில பிளீச்சிங் போட்டா நிக்கிறது குளோரின் மட்டும் இல்ல. கடல்ல புரோமைடு உண்டு, அது புரோமினா மாறும், அமோனியா இருந்தா புரோமமைன் ஆகும். ஹைப்போ அதையும் அடிக்கும். கடல் தண்ணி பி.எச். 8.2லயே நிக்கிறதால அங்க அமோனியாவுக்கு இரக்கமே கிடையாது. அதே பி.எச்.ல நல்ல தண்ணியைவிடத் தனி அமோனியா கொஞ்சம் குறைவுதான், அதை நம்பி இருக்க முடியாது. கால் பி.பி.எம். வந்தாலே அவர் எனக்குப் போன் பண்ணணும்னு சொல்லியிருக்கேன்.

2 ஜூலை

அமோனியாவைக் கட்டுற மருந்து நிஜமாக் கட்டுதான்னு மூணு பேர் கேட்டிருக்காங்க. இதுல என் மனசு இந்த ஒரு மாசத்துல ரெண்டு தடவை மாறியிருக்கு, அதனால அவசரப்படாம எழுதறேன்.

ஹைட்ராக்ஸிமீத்தேன் சல்போனேட் போட்ட மருந்து அமோனியாவோட வேதியியல்படி சேரும். சேர்ந்த பிறகும் சாலிசிலேட் கிட் அதை அமோனியான்னே காட்டலாம், கிட்டோட கடுங்காரத்துல அந்தக் கட்டு அவிழக்கூடும்ங்கிறதால. அதனால மருந்து ஊத்தியும் ரீடிங் இறங்கலையேன்னு இன்னும் இன்னும் ஊத்தாதீங்க. ரீடிங் இறங்காமலும் நிக்கலாம். இறங்கியே ஆகணும்னு எதிர்பார்க்கிறது தப்பு. ஊத்த ஊத்த ஆக்சிஜன்தான் போகும்.

சில பாட்டில்ல உள்ள என்ன இருக்குன்னே எழுதறது இல்ல. ஒருநாள், ரெண்டு நாள் கட்டி வைக்கும்னு மட்டும் போட்டிருக்கும். அப்படிப்பட்டதை நம்பி மீனை விட மாட்டேன். காத்து மட்டும் ஊடுருவுற ஒரு வில்லை விக்கிது, டேங்க் உள்ள ஒட்டி வைக்கலாம், தனி அமோனியாவை மட்டும் நிறம் மாறிக் காட்டும். மருந்து போட்ட டேங்க்ல அதைத்தான் பார்க்கணும். விலை கூட. ஆனா செத்த மீனோட கணக்குல கம்மி.

கட்டுற மருந்து அவசரத்துக்கு ஒரு நாள் அவகாசம் வாங்கித் தரும். அந்த ஒரு நாள்ல தண்ணி மாத்தணும், பழகின ஸ்பாஞ்ச் ஒண்ணைத் தேடிப் பிடிக்கணும். ஜூன் மூணாந்தேதி நான் இதைச் சொல்லியிருக்கணும்.

3 ஜூலை

ஒரு திருத்தம். பத்தாந்தேதிக் கணக்குல கிட் காட்டின எண்ணை அப்படியே அமோனியான்னு எடுத்துக்கிட்டேன். சில கிட் அமோனியாவாச் சொல்லும், சில கிட் அதிலுள்ள நைட்ரஜனாச் சொல்லும். நைட்ரஜன் 1னா அமோனியா 1.2. அட்டையோட மூலையில சின்ன எழுத்துல இருக்கும். தம்பியோட கிட் அமோனியாவாச் சொல்றதுதான், கணக்கு நிக்குது. வேற கிட் வெச்சிருக்கிறவங்க பார்த்துக்கங்க.

28 ஜூலை

கீழக்கரைத் தம்பி நேத்து வீட்டுக்கே வந்துட்டார். என் டேங்க்லேர்ந்து பழகின ஸ்பாஞ்ச் பாதி வெட்டி ஈரப் பையில குடுத்து விட்டது ஜூன் பன்னிரண்டுல. மிச்சம் நின்ன நாலு மீனும் நல்லா இருக்கு. நோட்டைக் கொண்டு வந்து காமிச்சார்: ஜூன் 12, அமோனியா 1. ஜூன் 20, அரை. ஜூலை 1, கால். ஜூலை 9லேர்ந்து பூஜ்யம். பக்கத்துலயே பி.எச். தனி வரிசை, கீழ்த்தொட்டித் தண்ணிக்கு ஒரு வரிசை, காவிரிக்கு ஒரு வரிசை. பூஜ்யம் வந்த அன்னிக்கு நவச்சாரம் விட்டுக் கிட்டைச் சோதிச்சிருக்கார், 1 சரியா வந்திருக்கு.

வாப்பா இப்போ மீனுக்குன்னு தனியா ரெண்டு குடம் காவிரித் தண்ணி மூடி வைக்கிறாராம். குடத்து மேல சாக்பீஸ்ல மீன் படம் போட்டிருக்குன்னார்.